நடுவில் நிறுத்தக் கூடாத அரைமணி நேரம்

சகாய ஆண்டனி பார்த்துவந்த தொழிலுக்குக் காரைக்குடியில் பெயர் கிடையாது. அதனால் ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தார்கள். மச்சினன்மார் 'பொட்டி தட்டுறது' என்றார்கள். ரேஷன் கார்டில் 'கூலி' என்று இருந்தது. எதிர்வீட்டு சாலா ஆச்சி மட்டும் கொஞ்சம் மரியாதை சேர்த்து, "லூசியா டீச்சர் வீட்டுக்காரர், அந்த டும்முடும்மு" என்பார். அவனிடமே கேட்டால் "மியூசிக் பண்றேன்" என்பான். "எந்தப் படத்துக்கு?" என்று அடுத்த கேள்வி வரும். படமில்லை. "அப்ப பாடுறது யாரு?" யாரும் பாடுவதில்லை. "அப்ப அதுல என்னதான் இருக்கும்?" தாளம் இருக்கும். கேட்டவர் இந்த இடத்தில் மணி பார்ப்பார்.

அந்தத் தொழிலை அவன் விடப்போகிறான் என்பதுதான் இப்போது தெருவில் செய்தி. அது ஒரு தொழில் என்று தெரு ஒப்புக்கொண்டதே அப்போதுதான்.

செய்தி உண்மைதான். லூசியா வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் பரிசோதனைக்கூட உதவியாளர் இடம் ஒன்று காலியாகியிருந்தது. குடுவைகளைக் கழுவி வைக்க வேண்டும். பிள்ளைகள் அமிலத்தை எடுத்து விளையாடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவளே சிஸ்டரிடம் பேசி, விண்ணப்பம் வாங்கி, எல்லாக் கட்டங்களையும் நிரப்பி, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு அவன் முன்னால் வைத்தாள். தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஆவணி மாதம். அவனுக்கு முப்பத்தெட்டு வயது. கண்ணுக்குக் கீழே ஐம்பது.

"எப்ப போடுவீக?"

"ஞாயித்துக்கெழம கண்டரமாணிக்கத்துல ஒரு விசேஷம். அத முடிச்சிட்டு வந்து போடுறேன்."

"முடிச்சிட்டு வாரேன், முடிச்சிட்டு வாரேன்னு இது எத்தனாவது விசேஷம்?"

"இது கடைசி."

"போன தடவையும் கடைசின்னுதான் சொன்னீக."

"போன தடவ பாதியில நிப்பாட்டிட்டாக லூசி. அத எப்படிக் கணக்குல சேக்குறது?"

பன்னிரண்டு வருஷத்தில் இவன் உண்டாக்கிய எதுவும் ஒரு தடவைகூட ஆரம்பத்திலிருந்து முடிவுவரை ஓடியதில்லை என்பது அவளுக்குத் தெரியும். முழுசாக ஒரே ஒரு தடவை, வெளியில், நாலு பேர் ஆட, நிற்காமல் ஓடிவிட்டால் கீபோர்டை விற்றுவிட்டுக் குடுவை கழுவப் போகிறேன் என்று போன கிறிஸ்துமஸுக்கே சொல்லியிருந்தான். தேவகோட்டையில் ஒரு பார்ட்டி கீபோர்டுக்குக் காத்துக்கொண்டிருந்தது.

இவன் ஆரம்பித்தது மாதா கோயிலில், ஆர்மோனியத்தில். அப்போது சாலா ஆச்சியின் மருமகன் சிங்கப்பூரிலிருந்து தன் பையனுக்கு ஒரு கீபோர்டு வாங்கிவந்தார். பையன் இரண்டே நாளில் அதைத் தூக்கிப் போட்டுவிட்டான். அது இவன் கைக்கு வந்தது. அதில் ஒரு விசேஷம்: எந்தச் சத்தத்தையும் ஒரு மூச்சு நேரத்துக்குப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு எந்தக் கட்டையை அமுக்கினாலும் அந்தச் சத்தத்தையே ஏற்றியும் இறக்கியும் சொல்லும். டவுன் பஸ் பிரேக், குக்கர் விசில், பள்ளிக்கூட மணி, லூசியாவின் தும்மல் எல்லாவற்றையும் பிடித்தான். ஒரு ஈஸ்டர் பூசையில் அல்லேலூயாவுக்கு அடியில் டவுன் பஸ்ஸை ஓடவிட்டான். பூசை முடிந்ததும் சாமியார் கூப்பிட்டு, "ஆண்டவர் உயிர்த்தெழுந்தார், சரி. அதுக்காக இப்படியாப்பா?" என்றார். அத்தோடு ஆர்மோனியம் போயிற்று.

அடுத்தது அழகுசுந்தரத்தின் மெல்லிசைக் குழு. தபேலா, டோலக், காங்கோ என்று மூன்று பேர் உட்கார்ந்து வாசித்த தாளத்தை ஆண்டனியின் பெட்டி தனியாக வாசித்தது. பெட்டிக்கு வெற்றிலைபாக்கு வேண்டாம், கோபமும் வராது. ஆறே மாதத்தில் அந்த மூன்று பேரும் வீட்டுக்குப் போனார்கள். டோலக் வாசித்த பூமிநாதன் போகும்போது மண்ணை வாரித் தூற்றவில்லை. "ஒனக்கும் ஒரு பொட்டி வரும்டா தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

குழுவிலும் ஆண்டனிக்கு நிம்மதியில்லை. இடைவேளையில் தன் சொந்தத் தாளம் ஒன்றைப் போடுவான். அது மெள்ள ஏறும், ஒவ்வொரு சத்தமாகச் சேரும், இதோ உச்சிக்குப் போகிறது என்னும்போது அழகுசுந்தரம் கையைத் தூக்குவார். யாராவது ஒரு முன்னாள் தலைவர் வந்திருப்பார். அவருக்குத் துண்டு போர்த்த வேண்டும். துண்டு போர்த்தியதும் அவர் இரண்டு வார்த்தை பேசுவார். அவர் பேசினால் இன்னொருவரும் பேச வேண்டும். அதற்குள் ஆட வந்தவர்கள் உட்கார்ந்து கடலை தின்னத் தொடங்கியிருப்பார்கள். அந்த வட்டாரத்தில் எத்தனை முன்னாள் தலைவர்கள் இருக்கிறார்கள் என்பது ஆண்டனிக்குத் தெரிந்த அளவுக்குக் கலெக்டர் ஆபீசுக்குக்கூடத் தெரியாது.

பிறகு கேசட் காலம் வந்தது. ஆடல் பாடல் குழுக்களுக்கு ஆண்டனி தாளங்களைக் கேசட்டில் பதிந்து கொடுத்தான். பிரமாதம் என்றார்கள். அழகுசுந்தரமும் ஒன்று வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டு, "இனிமே நீ எதுக்குப்பா மேடையில ஒக்காந்து கண்ணு முழிக்கணும்? இதப் போட்டா நீ வாசிக்கிற மாதிரியே இருக்குல்ல?" என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். பூமிநாதன் சொன்ன பெட்டி வந்துவிட்டது. அதையும் ஆண்டனியே செய்து கொடுத்திருந்தான்.

பூமிநாதன் இதற்குள் மைக் செட் வாங்கி, டெம்போ வாங்கி, தொப்பையும் வைத்திருந்தார். ஆண்டனியைப் பார்க்கும்போதெல்லாம், "என்னப்பா, பொட்டி நல்லாருக்கா?" என்று கேட்பதில் ஒரு நாளும் குறை வைத்ததில்லை.

கண்டரமாணிக்கத்து விசேஷம் கோட்டையூர் வீரையா வழியாக வந்தது. சிமெண்ட் கடை வைத்திருப்பவர். தங்கை மகள்கள் இரண்டு பேருக்குக் காதுகுத்து, இவர் தாய்மாமன். போன வருஷம் மைத்துனரின் பங்காளி வீட்டுச் சீருக்குப் பொய்க்கால் குதிரை வந்திருந்தது. அதை மிஞ்சியாக வேண்டும் என்பதில் வீரையாவுக்கு மூன்று மாதமாகத் தூக்கமில்லை.

"குதிரையெல்லாம் வேணாம்ணே. நான் ஒண்ணு வச்சிருக்கேன்" என்றான் ஆண்டனி.

உண்மையில் அவனை இழுத்தது வீரையா இல்லை, வழக்கம். பிள்ளையார் கோயிலில் எடுத்த சீர்த்தட்டை மண்டபத்தில்தான் இறக்க வேண்டும். நடுவில் யாருக்காகவும் நிற்கக் கூடாது. மேடை கிடையாது, மைக் கிடையாது, துண்டு கிடையாது. பன்னிரண்டு வருஷமாக மேடையில் தேடியதைத் தெரு சும்மாவே கொடுக்கிறதே என்று அன்றைக்குத்தான் அவனுக்கு உறைத்தது.

இரண்டு வருஷமாக, லூசியா பள்ளிக்கூடம் போன பிறகு, அடுப்படியை ஒட்டிய அறையில் அவன் கட்டிக்கொண்டிருந்த ஒன்று இருந்தது. கேசட்டில் ஒரு பக்கம் முழுக்க, அரைமணி நேரம். அதைத் தூக்கிக்கொண்டு கண்டரமாணிக்கத்துக்குப் போனான். கையில் கடிகாரத்தோடு கோயிலிலிருந்து மண்டபம்வரை சீர் போகிற வேகத்தில் மூன்று தடவை நடந்தான். "கரண்ட் ஆபீஸா?" என்று ஒரு வீட்டில் கேட்டார்கள். "ரோடு போடப் போறாகளா?" என்று இன்னொரு வீட்டில். இல்லை என்றதும் இரண்டு வீட்டாருக்கும் வருத்தம். வீட்டுக்கு வந்து தாளத்தைத் தெருவின் அளவுக்கு வெட்டி ஒட்டினான். கோயில் சந்து குறுகல், அங்கே மெல்லிய சத்தங்கள். திரும்பினால் பெரிய தெரு, அங்கே ஏற்றம். பதினெட்டாவது நிமிஷம் பெரிய வீடுகளின் வரிசைக்கு முன்னால் தெரு அகலமாகிறது. அங்கே எல்லாச் சத்தமும் ஒரு மூச்சு அடங்கி, பிறகு ஒன்றாக வந்து விழும். அதுதான் உச்சி. அதற்காகத்தான் மற்றதெல்லாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்குக் கோயில் வாசலில் டெம்போ நின்றது. மேலே நாலு ஸ்பீக்கர் பெட்டி, உள்ளே ஜெனரேட்டர், ஆம்ப்ளிஃபயர், டேப் ரெக்கார்டர். அதன் பக்கத்தில் சம்மணம் போட்டு பூமிநாதன். வண்டியை மெள்ள உருட்ட வீரையா கடைப் பையன் ஒருவன். தாம்பாளங்களைத் தலையில் வைத்துக்கொண்டு பெண்கள் நின்றார்கள்.

"இந்த அரைமணி நேரமும் ஒரே பாட்டா?" என்றார் பூமிநாதன்.

"ஆமாண்ணே."

"பாடுறவன் தொண்ட என்னத்துக்காகும்?"

"பாடுறவன் இல்லண்ணே."

"பாக்கியவான்."

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு. என்ன ஆனாலும் நிப்பாட்டக் கூடாது."

"நான் எதுக்கப்பா நிப்பாட்டுறேன்? நிப்பாட்டினது பூராம் நீங்கதான்" என்று சொல்லிப் பூமிநாதன் பொத்தானை அமுக்கினார்.

முதல் ஐந்து நிமிஷம் யாரும் கண்டுகொள்ளவில்லை. அது ஆண்டனி எதிர்பார்த்ததுதான். ஏழாவது நிமிஷம் ஒரு பெரியவரின் தலை ஆடியது. சந்து திரும்பியதும் இளவட்டங்கள் துண்டை இடுப்பில் கட்டினார்கள். பன்னிரண்டாவது நிமிஷம், வரிசையில் வந்த பெண்களின் நடையே மாறியிருந்தது. தாம்பாளம் அசையாமல் இடுப்பு மட்டும் தாளத்துக்குப் போயிற்று. அவர்களுக்கே தெரியாது. வீரையா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சிமெண்ட் மூட்டை இறக்குகிற தோரணையில் ஆடினார். ஆண்டனி டெம்போவுக்கு முன்னால், திரும்பிப் பார்க்காமல், எண்ணிக்கொண்டே நடந்தான். கால் வலித்தது. மூன்று நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. ஆனாலும் எண்ணிக்கை தப்பவில்லை. பதினைந்து. இன்னும் மூன்று.

அப்போது முன்னால் போயிருந்த வீரையா மடித்த வேட்டியை இறக்கிவிட்டபடி ஓடிவந்தார்.

"ஆண்டனி, நிப்பாட்டு, நிப்பாட்டு! அங்குட்டுக் கேதம்!"

"எங்கிட்டுண்ணே?"

"பெரிய வீட்டு வரிசையில. நேத்து சாயங்காலம் எடுத்திருக்காக. பந்தல் இன்னும் பிரிக்கல, ஆள் ஒக்காந்திருக்கு. பந்தலத் தாண்டுற வரைக்கும் சத்தம் கூடாது."

"பின்னால சுத்திப் போனா என்ன?"

"சீரத் திருப்பிக்கிட்டுப் போறதா? என்ன பேசுற?"

இறந்தவருக்கு எண்பத்திரண்டு வயசாம். ஒரு வாரம் பொறுத்திருக்கலாம் என்று ஒரு கணம் ஆண்டனிக்குத் தோன்றிவிட்டது. தோன்றியதற்காக அங்கேயே சிலுவை போட்டுக்கொண்டான்.

பூமிநாதன் டெம்போவிலிருந்து தலையை நீட்டினார். "சீக்கிரம் சொல்லுப்பா. நிப்பாட்டவா, கொறைக்கவா?"

இரண்டும் ஒன்றில்லை. நிறுத்தினால் நடுவில் நின்ற பாட்டு என்றாகிவிடும், பழைய கதைதான். குறைத்தால் கேசட் ஓடிக்கொண்டிருக்கும், வெளியில் மட்டும் கேட்காது. வேறு எவனாக இருந்தாலும் நிறுத்திவிட்டுப் பந்தலைத் தாண்டியதும் விட்ட இடத்திலிருந்து போட்டிருப்பான். பன்னிரண்டு வருஷம் கையைத் தூக்கியவர்களோடு சண்டை போட்ட வாய்க்கு அது வரவில்லை.

"நிப்பாட்டாதீக. கொறைங்க."

சத்தம் வடிந்தது. ஜெனரேட்டர் உறுமல் மட்டும் மிஞ்சியது. கேசட் ஓடுகிறதா என்று பார்க்க பூமிநாதன் ஆண்டனியின் ஹெட்போனை டேப் ரெக்கார்டரில் சொருகிக் காதில் மாட்டிக்கொண்டார்.

ஆடியவர்கள் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டார்கள். பெண்கள் தலை குனிந்து நடந்தார்கள். பத்து அடி போன பிறகுதான் ஆண்டனிக்குத் தான் செய்த காரியம் விளங்கியது. பதினேழு முடிந்துவிட்டது. தெரு அகலமாகிக்கொண்டு வந்தது. உச்சி வரவேண்டிய இடம் இதுதான், இந்த ஏழு வீட்டு வாசல்தான். இப்போது ஓடிப் போய் நிறுத்தச் சொன்னால் ஏறுகிற ஏற்றத்தின் நடுவில் அறுபடும். சொல்லாவிட்டால் உச்சி யார் காதிலும் விழாமல் போய்விடும். அவன் ஓடவில்லை. ஓடுகிற கால் இல்லை அது.

பந்தலில் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து வீரையாவைப் பார்த்துக் கை கூப்பினார். வீரையாவும் கூப்பினார். தட்டு வரிசை அரவமில்லாமல் போயிற்று. ஆண்டனி வாசல் வாசலாக எண்ணிக்கொண்டு வந்தான். நாலாவது வாசலில், எல்லாம் அடங்குகிற இடம். ஐந்தாவது வாசலில் அது விழுந்திருக்க வேண்டும். ஒரு சொறிநாய் குறுக்கே போயிற்று.

ஏழு வீடு தாண்டியதும் பூமிநாதன் சத்தத்தை ஏற்றினார். மிச்சமிருந்தது இறக்கம்தான். ஒவ்வொரு சத்தமாக விலகி, மெள்ள மெள்ள அடங்குகிற பத்து நிமிஷம். உச்சிக்குப் பிறகு கேட்டால் அது அழகு. உச்சியே இல்லாமல் கேட்டால் கரண்ட் போகப்போகிற மாதிரி இருக்கும். இளவட்டங்கள் துண்டோடு நின்று பார்த்தார்கள்.

"என்ன மாப்ள, பேட்டரி எறங்கிருச்சா?"

"அண்ணே, சினிமாப் பாட்டுப் போடுங்கண்ணே!"

பூமிநாதன் போடவில்லை. கேசட் தன்பாட்டுக்கு ஓடி, மண்டப வாசலில், ஆண்டனி அளந்து வைத்திருந்தபடியே, தட்டு இறங்குகிற நேரத்தில் முடிந்தது. அதை அவனைத் தவிர ஒருவரும் கவனிக்கவில்லை.

வீரையா வியர்வையைத் துடைத்தபடி வந்தார். "நல்லாத்தாம்ப்பா இருந்துச்சு. ஏறுச்சு, ஏறுச்சு, அப்புறம் பாத்தா எறங்கிருச்சு. நடுவுல ஒண்ணும் போடலையோ?"

"போட்டிருந்தேண்ணே."

"சரி, சரி. போய்ச் சாப்பிடு. குதிரைக்கு இது எவ்வளவோ பரவாயில்ல."

சாப்பிட்டு, பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கிளம்ப மூன்று மணியாகிவிட்டது. ஆண்டனி டெம்போவில் பூமிநாதனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கதவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். குன்றக்குடி மலை தெரிகிறவரை பூமிநாதன் வாயைத் திறக்கவில்லை. அவருக்கு அது பெரிய விரதம்.

"ஏப்பா, அந்த எடத்துல வர்ற டோலக்கு என் கைதான?"

ஆண்டனி கண்ணைத் திறக்கவில்லை. "ஆமாண்ணே. கீழச்சிவல்பட்டிக் கச்சேரியில பிடிச்சது. நீங்க கடைசியா வாசிச்சது."

"எங்கிட்டக் கேக்கல."

"கேட்டா குடுத்திருப்பீகளா?"

"செருப்பால அடிச்சிருப்பேன்." கொஞ்ச தூரம் ஓட்டினார். "எடது கை அடி ஒரு நூல் பிந்துது. அன்னைக்கு எனக்குக் காய்ச்சல். வேற நாளாப் பாத்துப் புடிச்சிருக்கக் கூடாதா?"

"பிந்துறதுதாண்ணே நல்லாருக்கு. அதுக்காகத்தான் வச்சேன்."

பூமிநாதன் அதை மென்று பார்த்தார். பிறகு, "ஊரே ஆடியிருக்கும்ப்பா அந்த எடத்துல. கேத வீட்டு வாசல்ல காதுல மாட்டிக்கிட்டு, தொடையத் தட்டக்கூட முடியாம ஒக்காந்திருந்தேன், பாவி. நீ கேட்டியா?"

"எப்படிக் கேக்குறது? ஹெட்போன் ஒங்க காதுலல்ல இருந்துச்சு."

பூமிநாதன் டெம்போவை ஓரங்கட்டினார். பின்னாலிருந்து டேப் ரெக்கார்டரை எடுத்து வந்தார். பேட்டரியிலும் ஓடுகிற வகை அது. கேசட்டை முதலுக்குச் சுற்றி, அவன் மடியில் வைத்து, ஹெட்போனைத் தானே அவன் தலையில் மாட்டினார்.

"வேணாம்ணே. களைப்பா இருக்கு."

"களைப்பா இருக்கவன் ஒக்காந்து கேளு. ஒன்னய யாரு ஆடச் சொன்னா?"

டெம்போ தெருவுக்குள் வந்து நின்றபோது ஆண்டனி இறங்கவில்லை. சாலா ஆச்சி வாசலுக்கு வந்துவிட்டார். லூசியா விண்ணப்பத்தைக் கையிலேயே எடுத்துக்கொண்டு வந்தாள். அவளுக்கும் பொறுமை என்று ஓர் அளவு உண்டு. உள்ளே அவன் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். இடது கால் மட்டும் தரையைத் தட்டியது. ஒரு இடத்தில் அதுவும் நின்றது. பிறகு உடம்பு முழுவதும் ஒரு தரம் குலுங்கியது.

லூசியா கதவுப் பிடியில் கை வைத்தாள். பூமிநாதன் குறுக்கே வந்து நின்றார். அவர் தொப்பைக்கு அந்தக் கதவு சரியாக இருந்தது.

"இருங்க டீச்சர். இன்னும் பத்து நிமிஷம்."

"என்ன ஆச்சு அவுகளுக்கு?"

"ஒண்ணும் ஆகல. கேட்டுக்கிட்டிருக்கான்."

"காதுல ஏதும் கோளாறாமா?" என்றார் எதிர்வாசலிலிருந்து சாலா ஆச்சி.

"இல்ல ஆச்சி. இப்பத்தான் சரியாகுது."

ஒரு டவுன் பஸ் வந்து, டெம்போ வழியை அடைத்திருப்பதைப் பார்த்து ஹாரன் அடித்தது. பூமிநாதன் டிரைவரைப் பார்த்துக் கையைக் காட்டினார். டிரைவர் திட்டினான். பூமிநாதன் அதைவிட நன்றாகத் திட்டினார். பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்து, டெம்போவில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று முடிவு செய்துகொண்டார்கள். லூசியா விண்ணப்பத்தை விசிறியாக்கி வீசிக்கொண்டு, கதவோரமாகவே நின்றாள்.

கேசட் பொத்தான் தட்டென்று மேலே எழும்பியது. ஆண்டனி ஹெட்போனைக் கழற்றினான். வெளியுலகச் சத்தம் எல்லாம் ஒன்றாக வந்து காதில் விழ, யார் எதற்குத் திட்டுகிறார்கள் என்று புரியாமல் சிறிது நேரம் விழித்தான். பிறகு இறங்கி, லூசியாவின் கையிலிருந்த காகிதத்தை வாங்கி டெம்போ கதவின்மேல் விரித்தான்.

"எங்க போடணும்?"

"கீழ. பென்சில்ல புள்ளி வச்சிருக்கேன் பாருங்க."

பேனா பூமிநாதன் சட்டைப்பையில் இருந்தது. போட்டான். எழுத்து கொஞ்சம் கோணியது. மை காய்வதற்குள் சாலா ஆச்சி இரண்டு வீடு தள்ளியிருந்த பாண்டீஸ்வரியைக் கூப்பிட்டு, டீச்சர் வீட்டுக்காரருக்கு வேலை கிடைத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.